பந்தய சைக்கிள் எப்படி இருக்கலாம்? யூசிஐ விதி அனுமதிப்பதும் தடுப்பதும்

நீங்களே ஒரு சைக்கிள் செய்கிறீர்கள். கடையில் வாங்கியதைவிட வேகமாகப் போகிறது. அதைப் பந்தயத்துக்குக் கொண்டுபோனால் ஓட்ட விடுவார்களா? பெரும்பாலும் விடமாட்டார்கள். பந்தயத்தைப் பொறுத்தவரை "சைக்கிள்" என்ற சொல்லுக்கே எழுதிவைத்த அர்த்தம் ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டி அதற்குள் அடங்க வேண்டும்.

அதை எழுதிவைத்திருப்பது யூசிஐ எனப்படும் சர்வதேச சைக்கிள் ஓட்ட ஒன்றியம். 1900இல் தொடங்கிய அமைப்பு. தலைமையகம் சுவிட்சர்லாந்தின் ஏக்ல் நகரில். ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், டூர் டி பிரான்ஸ் எல்லாம் இதன் விதிப்படிதான் நடக்கின்றன. இந்திய சைக்கிள் சம்மேளனமும் இதில் உறுப்பு. தினமும் வேலைக்கு ஓட்டுகிறவருக்கும் நெடும்பயணம் போகிறவருக்கும் இந்த விதிகளில் எதுவும் பொருந்தாது. யூசிஐ முடிவு செய்வது உங்கள் சைக்கிள் நல்லதா கெட்டதா என்பதை அல்ல. அதில் ஓட்டி வென்றால் அந்த வெற்றி கணக்கில் வருமா என்பதை மட்டும்தான். இந்த வித்தியாசம் புரியாததால் எத்தனையோ நல்ல வடிவங்களை மக்கள் "தடை செய்யப்பட்டது" என்று கேள்விப்பட்டதுமே ஒதுக்கிவிடுகிறார்கள்.

எதையெல்லாம் அளப்பார்கள்

சாலைப் பந்தய வண்டிக்கு இரண்டு சக்கரம், இரண்டும் ஒரே அளவு. டயரோடு சேர்த்து விட்டம் 55 முதல் 70 செ.மீ.க்குள். முன்சக்கரம் திரும்ப வேண்டும். பின்சக்கரம் பெடலும் செயினும் வழியாகக் காலால் ஓட வேண்டும். வண்டியின் நீளம் 185 செ.மீ., அகலம் 50 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சு தரையிலிருந்து 24 முதல் 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. கார்பன் ஃபைபரில் இதைவிட இலேசான வண்டியைச் செய்வது இன்று பெரிய காரியமே இல்லை. அதனால் சில அணிகளின் மெக்கானிக்குகள் எடையைக் கூட்டுவதற்கென்றே ஃப்ரேமுக்குள் உலோகத் துண்டு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஃப்ரேம் முக்கோண அமைப்பில் இருக்க வேண்டும். சின்ன வயதில் சீட்டுக்குக் கால் எட்டாமல் குரங்குப் பெடல் அடித்தோமே, அப்போது காலை உள்ளே விட்ட அதே முக்கோணம்தான். நூறாண்டாக மாறாத அந்த உருவத்தைத்தான் இந்த விதி காக்கிறது. காற்றைத் தடுக்க மூடி, கவசம், வால் என்று எதையும் தனியாக ஒட்டக் கூடாது.

ஓட்டுகிறவரின் உடலுக்கும் விதி உண்டு. கால் பெடலில், கை ஹேண்டில்பாரில், உட்காருவது சீட்டில். உடல் வண்டியைத் தொட்டுத் தாங்கும் இடங்கள் இவ்வளவுதான். இறக்கத்தில் சீட்டை விட்டு ஃப்ரேமின் மேல் பாரில் இறங்கி உட்கார்ந்து குனிந்துகொள்ளும் பழக்கம் சில ஆண்டுகள் பிரபலமாக இருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கும் தடை. சாக்ஸ் கூட கெண்டைக்காலின் பாதியைத் தாண்டி ஏறக் கூடாது.

தனியாளாக நேரத்தை எதிர்த்து ஓடும் டைம் ட்ரயலில் சோதனை இன்னும் கடுமை. புறப்படுவதற்கு முன் வண்டியை அளவுச் சட்டத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள். கொத்தனார் ரசமட்டம் வைப்பதுபோல சீட்டின் மேல் மட்டம் வைத்து அதன் சரிவைப் பார்ப்பார்கள். கைநீட்டிப் பிடிக்கும் முன்கம்பிகளின் நீளத்துக்கு ஓட்டுகிறவரின் உயரத்தைப் பொறுத்து மூன்று வகை வரம்பு: 180 செ.மீ.க்குக் கீழ், 180 முதல் 190 வரை, 190க்கு மேல். இந்த உயரக் கணக்கு 2023இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 

இந்த வரம்பு எங்கிருந்து வந்தது

1933 ஜூலை 7. பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். 1914இல் சுவிஸ் வீரர் ஆஸ்கர் எக் வைத்த 44.247 கி.மீ. சாதனை உடைந்தது. ஃபோர் முதல் தர வீரர் அல்ல, இரண்டாம் தரம். ஆனால் அவர் ஓட்டியது சார்ல்ஸ் மோஷே செய்த 'வெலோகார்' என்ற சாய்வு சைக்கிள்: சாய்வு நாற்காலியில் சாய்ந்த மாதிரி உட்கார்ந்து, காலை முன்னே நீட்டிப் பெடல் போடும் வண்டி. சமதளத்தில் அந்த வேகத்தில் ஓட்டுகிறவரின் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. வேகம் இரட்டித்தால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய பலம் எட்டு மடங்காகும். உடம்பைத் தாழ்த்தினால் அந்தச் செலவு குறையும். மோஷே செய்தது இவ்வளவுதான்.

1934இல் யூசிஐ சைக்கிளுக்குப் புதிய வரையறை எழுதி, சாய்வு சைக்கிளை வெளியே தள்ளியது. அதே ஆண்டில் மோஷே இறந்துபோனார். எனக்கு இது இன்றும் ஆறாத விஷயம். பந்தயத்தில் ஓடாததைப் பெரிய கம்பெனிகள் செய்யவில்லை. அவர்கள் செய்யாததால் விலை இறங்கவில்லை. முதுகுவலிக்காரருக்கும் வயதானவருக்கும் உதவியிருக்கக்கூடிய ஒரு வண்டி, தொண்ணூறு ஆண்டாக ஆர்வலர்களின் கொட்டகையிலேயே நிற்கிறது.

அடுத்த பெரிய மோதல் கிரேம் ஓப்ரியோடு. ஸ்காட்லாந்துக்காரர். தன் சைக்கிளைத் தானே செய்தார். அதற்கு 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்' என்று பெயர். பெடல்கள் இரண்டும் நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த பேரிங்கைப் போட்டார். முழங்கால் இடிக்காமலிருக்க மேல் பாரையே எடுத்துவிட்டார். பறவை இறக்கையை மடிப்பதுபோல் கைகளை மார்புக்கடியில் மடித்துக்கொண்டு ஓட்டினார். 1993 ஜூலையில் நார்வேயின் ஹமாரில் ஒரு மணி நேரச் சாதனைக்கான முதல் முயற்சி தோற்றது. அன்றிரவு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். சிறுநீருக்கு எழும்போதெல்லாம் காலை நீவி நீட்டிக்கொள்ளலாம், தசை இறுகாது என்பது அவர் கணக்கு. மறுநாள் காலை, ஜூலை 17, 51.596 கி.மீ. ஓட்டி உலக சாதனை படைத்தார்.

1994இல் யூசிஐ அந்த உட்காரும் முறையைத் தடை செய்தது. இத்தாலியின் பலெர்மோவில் உலக சாம்பியன்ஷிப்பில் ஓடவந்த இடத்தில் ஓப்ரியை விலக்கினார்கள். அவர் கைகளை முன்னே நீட்டிப் பறப்பதுபோல இன்னொரு முறையைக் கொண்டுவந்தார். 1995இல் அதில் மீண்டும் உலக சாம்பியன். 1996இல் பிரிட்டன் வீரர் கிறிஸ் போர்ட்மேன் அதே முறையில் ஒரு மணி நேரத்தில் 56.375 கி.மீ. தொட்டார். பிறகு அதற்கும் தடை.

1996 அக்டோபரில் யூசிஐ லுகானோ சாசனத்தை வெளியிட்டது. இயந்திரத்தைவிட மனிதனுக்கே முதலிடம் என்பது அதன் சாரம். இன்றைய அளவு விதிகளுக்கெல்லாம் தாய் அதுதான். 2000இல் ஒரு மணி நேரச் சாதனையை பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் ஓட்டிய மாதிரியான பழைய வண்டியில்தான் செய்ய வேண்டும் என்றார்கள். போர்ட்மேன் அதிலும் இறங்கி 49.441 கி.மீ. ஓட்டினார். மெர்க்ஸைவிட வெறும் 10 மீட்டர் அதிகம். 2014இல் அந்த நிபந்தனை போய், அனுமதி பெற்ற நவீன டிராக் சைக்கிள் (வட்டத் தளத்தில் ஓட்டும் பந்தய வண்டி) போதும் என்றானது. 2022இல் இத்தாலி வீரர் ஃபிலிப்போ கன்னா 56.792 கி.மீ. ஓட்டினார்.

சாசனத்தின் எண்ணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பணக்கார அணி ரகசியமாக ஒரு வண்டி செய்து ஜெயிப்பதைத் தடுக்க வேண்டியதுதான். பந்தயத்தில் ஓடும் சாமான் சந்தையிலும் கிடைக்க வேண்டும் என்ற விதியும் நல்ல விதி. ஆனால் ஒருவர் செய்துமுடித்து, ஜெயித்தும் காட்டிய பிறகு எல்லைக்கோட்டை நகர்த்துவது நியாயமில்லை. ஓப்ரிக்கு இரண்டு முறை அது நடந்தது.

அனுமதி வாங்க என்ன வழி

ஃப்ரேமும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் 2011 முதல் முன்கூட்டியே யூசிஐ அனுமதி பெற வேண்டும். தயாரிப்பாளர் வரைபடம் அனுப்பி, பரிசோதனைக்கு உட்பட்டு, கட்டணம் கட்டி, ஒப்புதல் கிடைத்ததும் ஃப்ரேமில் முத்திரை ஒட்டுகிறார். புதிதாக எதைக் கண்டுபிடித்தாலும் ஒப்புதல் இல்லாமல் பந்தயத்தில் பயன்படுத்தக் கூடாது. விதியில் "இதற்குத் தடை" என்று எழுதவில்லையே என்று வாதாட முடியாது.

விதிகள் கல்வெட்டும் அல்ல. சாலைப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2018 ஜூலையில் முழுதாக வந்தது. ஹேண்டில்பாருக்குக் குறைந்தபட்ச அகலம் 2023இல் 35 செ.மீ. ஆனது. 2026 முதல் சாலைப் பந்தயங்களில் அது 40 செ.மீ. என்று அறிவித்தபோது, தோள் குறுகிய பெண் வீரர்களை இது பாதிக்கும் என்று எதிர்ப்பு கிளம்பியது. அதன் பிறகு பிரேக் பிடிகளுக்கு நடுவே கேட்ட இடைவெளியை மட்டும் தளர்த்தினார்கள்.

அனுமதிக்குள் அடங்காத வண்டிக்கும் ஓட இடம் உண்டு. முன்னால் போகிறவரின் மறைவில் ஒண்டி ஓட்டக் கூடாத டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த) போட்டிகளில் வடிவக் கட்டுப்பாடு தளர்வு. அதற்கென்றே யூசிஐ அளவை மீறிய சைக்கிள்கள் கடைகளில் விற்கின்றன. வடிவமே தடையில்லாத மனித சக்தி வாகனப் போட்டிகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் நெவாடாவில், பேட்டில் மவுண்டன் சாலையில், 2016இல் கனடாவைச் சேர்ந்த டாட் ரைக்கர்ட் முழுதும் மூடிய சாய்வு வண்டியில் மணிக்கு 144.17 கி.மீ. தொட்டார். மோட்டார் கிடையாது, கால் பலம் மட்டும்தான்.

சொந்தமாகச் செய்ய நினைப்பவர் முதல் குழாயை வெட்டுவதற்கு முன் எந்தப் போட்டிக்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். யூசிஐ போட்டிக்கு என்றால், அந்த ஆண்டுக்கான விதிப் புத்தகத்தை அவர்கள் தளத்திலேயே இலவசமாக எடுத்து, உபகரணங்கள் பற்றிய பகுதியைப் படியுங்கள். திருத்தங்கள் பெரும்பாலும் ஜனவரி 1 அன்று அமலுக்கு வருகின்றன. போன வருட அளவை நம்பி வெல்டிங் வைத்துவிடாதீர்கள்.