உக்ரைனுக்கு அமெரிக்கா கொடுத்தது பணமா, பொருளா?

"உக்ரைனுக்கு 100 கோடி டாலர் உதவி" என்று செய்தி வந்தாலே, அவ்வளவு பணத்தையும் யாரோ பெட்டியில் போட்டு கீவ் நகருக்கு அனுப்பிவிட்டது போல இங்கே பலர் பேசுகிறார்கள். ராணுவ உதவியில் பெரும்பகுதி பணமாக எல்லை தாண்டியதே இல்லை.

அடிக்கடி செய்தியில் வந்தது ஒரு வழிதான். 1961-ஆம் ஆண்டு வெளிநாட்டு உதவிச் சட்டப்படி, எதிர்பாராத அவசரம் என்றால் அமெரிக்க ராணுவக் கிடங்கில் ஏற்கெனவே இருக்கும் ஆயுதத்தை எடுத்து இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அதிபர் உத்தரவு போடலாம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தகவல் சொன்னால் போதும், ஒவ்வொரு தடவையும் ஓட்டெடுப்பு தேவையில்லை. வழக்கமான உச்சவரம்பு ஆண்டுக்கு வெறும் 10 கோடி டாலர். போர் வந்தபின் அந்த வரம்பை 2022 நிதியாண்டுக்கு 1,100 கோடியாகவும் அடுத்த ஆண்டுக்கு 1,450 கோடியாகவும் காங்கிரஸ் உயர்த்தியது. டாங்கியைத் தாக்கும் ஜாவலின் ஏவுகணையும் 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டும் அவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இதுதான், எதையும் புதிதாகத் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எடுத்த இடத்தை நிரப்ப வேண்டுமே, அதற்குத் தனி நிதி. இந்த இரண்டும் வேறு வேறு என்பது புரியாவிட்டால் 2023 கடைசியில் நடந்தது புரியாது. ஆயுதத்தை எடுத்துக் கொடுக்கும் அனுமதி அப்போது இன்னும் 400 கோடி டாலருக்கு மேல் பாக்கி இருந்தது, கிடங்கை நிரப்பும் பணம்தான் தீர்ந்துபோயிருந்தது. டிசம்பர் 27 அன்று 25 கோடி டாலர் தொகுப்பு ஒன்று அறிவித்ததோடு சரி, அப்புறம் மார்ச் வரை ஒன்றும் இல்லை. அந்த 30 கோடி டாலர் மார்ச் தொகுப்புகூடப் பழைய ஒப்பந்தங்களில் மிச்சம் பிடித்த காசில் வந்ததுதான். 2024 ஏப்ரல் 24 அன்று புதிதாக நிதி ஒதுக்கும் சட்டத்தில் அப்போதைய அதிபர் பைடன் கையெழுத்துப் போட்ட பிறகே குழாய் மறுபடி திறந்தது.

இன்னொரு கூத்தும் உண்டு. கொடுக்கும் ஆயுதத்துக்கு என்ன விலை போடுவது? பத்து வருடம் ஓட்டிய ஸ்கூட்டரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு இன்றைய ஷோரூம் விலையைக் கணக்கில் எழுதினால் எப்படி இருக்கும், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் அதைத்தான் செய்திருந்தது. வாங்கிய விலையிலிருந்து தேய்மானத்தைக் கழிக்காமல், புதிதாக வாங்கினால் ஆகும் விலையைப் போட்டுவிட்டார்கள். 2023 ஜூனில் கணக்கைச் சரிபார்த்தபோது இரண்டு ஆண்டுகளில் 620 கோடி டாலர் கூடுதலாக எழுதியிருந்தது தெரிந்தது. பேனா முனையில் அவ்வளவும் மிச்சமாகி, அந்தத் தொகைக்கு மேற்கொண்டு ஆயுதம் அனுப்ப வழி பிறந்தது. செய்தியில் வரும் எண்ணை நான் அப்படியே நம்பாததற்கு இது ஒன்றே போதும்.

இரண்டாவது வழி, 'உக்ரைன் பாதுகாப்பு உதவி முயற்சி' என்ற திட்டம். இதில் கிடங்கைத் தொடுவதில்லை, கம்பெனிகளிடம் புதிதாக ஆர்டர் கொடுப்பார்கள். அறிவிப்பு இன்று வரும், பொருள் வர மாதங்களோ வருடங்களோ ஆகும். பணம் போவது பெரும்பாலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு.

சரி, நிஜமாகவே பணமாகப் போனது எது? அரசை நடத்தக் கொடுத்த நிதி. அதில் பெரும்பகுதி உலக வங்கி வழியாகப் போனது, ஆசிரியர் சம்பளம், மீட்புப் படையினர் சம்பளம், ஓய்வூதியம் போன்ற செலவுகளுக்கு. உக்ரைன் அரசு முதலில் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு, கணக்குக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ராணுவச் செலவுக்கு இதைத் தொடக்கூடாது. 2024 சட்டத்தில் இந்த வகை உதவியைக் கடன் என்று எழுதி, தள்ளுபடி செய்யும் வாய்ப்பையும் கூடவே வைத்தார்கள். தேர்தலில் டிரம்ப் ஜெயித்த அதே நவம்பரில் ஏறக்குறைய 465 கோடி டாலரை பைடன் தள்ளுபடி செய்தார்.

2025 ஜூலைக்குப் பின் பில் கட்டும் ஆளே மாறிவிட்டார். உக்ரைன் தனக்கு வேண்டியதைப் பட்டியல் போடும், நேட்டோ அதை ஏறக்குறைய 50 கோடி டாலர் தொகுப்புகளாகப் பிரிக்கும், ஆயுதம் அமெரிக்காவிலிருந்து வரும், காசு ஐரோப்பிய நாடுகளும் கனடாவும் தரும். முதல் தொகுப்புக்குப் பணம் கட்டியது நெதர்லாந்து. ஆக, இப்போது "அமெரிக்க ஆயுதம்" என்று படித்தால் அது அமெரிக்க உதவி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், விற்பனையாகவும் இருக்கலாம்.