செகண்ட் ஹேண்ட் நின்டெண்டோ ஸ்விட்ச் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இ-ஷாப்பைத் திறந்து பாருங்கள்

2124-4007. நின்டெண்டோ கம்பெனியின் கேம் கன்சோலான ஸ்விட்சின் திரையில் இந்த எண் வந்துவிட்டால், கம்பெனி அந்தக் கருவியை ஆன்லைனில் வரவிடாமல் தடை செய்துவிட்டது என்று அர்த்தம். ரிப்பேர் கடை வைத்திருக்கும் என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கடை வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு பரீட்சை லீவுக்கும் யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். போன வாரம் வந்தவர், பத்தாவது முடித்த மகளுக்காக வாங்கியிருந்தார். பெட்டி, சார்ஜர், டிவியில் இணைக்கும் டாக் எல்லாம் பளபளவென்று இருந்தன. "எல்லா கேமும் உள்ளயே போட்டுக் குடுத்துட்டாங்க தம்பி, ஆன்லைன் மட்டும்தான் வரல. ஒரு ஃபார்மேட் அடிச்சுக் குடுத்துருங்க" என்றார்.

ஃபார்மேட் அடித்தால் போகாது. இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. இங்கேயும் ஒருமுறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தடை விழுவது அந்தக் கருவியின் மேல். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஃபேக்டரியிலேயே ஒரு டிஜிட்டல் சான்றிதழ் எழுதி அனுப்புகிறார்கள். கன்சோல் ஒவ்வொரு முறையும் அதைக் காட்டித்தான் நின்டெண்டோவின் சர்வருக்குள் நுழைகிறது. திருட்டுப் போனின் ஐஎம்இஐ எண்ணைத் தடுத்துவிடுவது போலத்தான் இதுவும். நீங்கள் புது அக்கவுண்ட் தொடங்கலாம், ஃபேக்டரி ரீசெட் செய்யலாம், சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கலாம், வீடு மாறி வேறு வைஃபையில் போடலாம். சான்றிதழ் அதேதான், பதிலும் அதேதான். "மெமரியை மட்டும் மாத்திடலாமே?" என்று கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உள்ளே இருக்கும் மெமரி, அந்த போர்டின் பிராசசருக்கு மட்டுமே தெரிந்த சாவியால் பூட்டப்பட்டது. வேறு போர்டின் மெமரியைக் கொண்டுவந்து மாட்டினால் ஆன் கூட ஆகாது. போர்டையே மாற்றலாம்தான், ஆனால் அதற்கு ஆகும் செலவில் இன்னொரு பழைய ஸ்விட்சே வாங்கிவிடலாம்.

"தடை நீக்கித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்பவர்கள் செய்வது என்ன தெரியுமா? இன்னொரு கன்சோலின் சான்றிதழைத் திருடி இதில் எழுதுகிறார்கள். ஒரே சான்றிதழோடு இரண்டு கருவிகள் சர்வருக்கு வந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, ஏன் தடை விழுகிறது? "எல்லா கேமும் ஃப்ரீ" என்பதற்காகத்தான். 2017இல் வந்த முதல் ஸ்விட்சின் பிராசசரில் திருட்டு கேமை ஓடவிடும் ஒரு ஓட்டை இருப்பது 2018இல் வெளியே தெரிந்தது. சிப்புக்குள்ளேயே செதுக்கப்பட்ட கோடு என்பதால் அப்டேட் கொடுத்து அடைக்க முடியவில்லை. அதற்குப் பிறகு தயாரானவற்றில் அதை அடைத்துவிட்டார்கள். அவற்றில் பூட்டை மீறித் திருட்டு கேமை ஓடவைக்கும் மோட் சிப்பை சால்டர் செய்கிறார்கள். சில சால்டரிங்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அழுகை வரும். நூல் மாதிரி வயரை கெப்பாசிட்டர் மேல் ஒட்டி, பசையை ஊற்றி மூடியிருப்பார்கள். இதில் திருட்டு கேமைப் போட்டு ஒருமுறை இணையத்தில் இணைத்தால் போதும், உள்ளே நடந்தது நின்டெண்டோவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். விற்பவருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

இன்னொன்று. ஸ்விட்சை நின்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை. நம் ஊரில் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை. "ஒரு வருஷம் வாரண்டி" என்றால் அது அந்தக் கடைக்காரர் வாய் வார்த்தையாகத் தரும் வாரண்டி. பில்லில் எழுதி வாங்குங்கள்.

அதனால் பழையது வாங்கப் போகிறீர்கள் என்றால் இருட்டிய பிறகு பஸ் ஸ்டாண்டு வாசலில் வைத்துக் கைமாற்றாதீர்கள். வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். பின்பக்கம் மூன்று கால் கொண்ட ஒய் வடிவ ஸ்க்ரூக்கள் நான்கு இருக்கும். அவற்றின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். எதற்குத் திறந்தார்கள் என்று கேளுங்கள். அப்புறம் எஸ்டி கார்டு உள்ளே இருக்கும்போதே ஆன் செய்து, செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஏஎம்எஸ் என்று ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது மோட் செய்த கருவி. ஆல்பம் ஐகானை அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட்கள் வராமல் வேறு ஏதோ மெனு திறந்தாலும் அதேதான். மோட் சாஃப்ட்வேர் எஸ்டி கார்டில்தான் இருக்கும் என்பதால் விவரமான ஆள் கார்டைக் கழற்றிவிட்டுக் காட்டுவான், அதையும் மனதில் வையுங்கள்.

கடைசியாக, உங்கள் அக்கவுண்டைப் போட்டு, நின்டெண்டோவின் ஆன்லைன் கேம் கடையான இ-ஷாப்பைத் திறக்கச் சொல்லுங்கள். வைஃபை இல்லை என்றால் உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். அதற்கும் சாக்கு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இ-ஷாப் திறந்தால் இன்றைக்குத் தடை இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். மோட் செய்ததாக இருந்தால் நாளைக்கு விழலாம். அதனால்தான் ஸ்க்ரூவையும் வெர்ஷனையும் முதலில் சொன்னேன்.

இரு பக்கமும் மாட்டும் கன்ட்ரோலரான ஜாய்கானையும் விடாதீர்கள். கன்ட்ரோலர் செட்டிங்ஸில் ஸ்டிக் கேலிப்ரேஷனைத் திறந்து ஸ்டிக்கைச் சுற்றிவிட்டுக் கையை எடுங்கள். புள்ளி நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். தானாக நகர்ந்தால் டிரிஃப்ட். சாதா ஸ்விட்சில் ஜாய்கானைக் கழற்றி மாற்றிவிடலாம். ஸ்விட்ச் லைட் என்ற சின்ன மாடலில் ஸ்டிக் உடம்போடு சேர்ந்தது, கன்சோலையே பிரிக்க வேண்டும்.

ஸ்விட்ச் லைட் பற்றி ஒரு வார்த்தை: அது டிவியில் வராது. எந்தக் கேபிள் வாங்கினாலும் வராது. தயவுசெய்து டாக் வாங்கிக்கொண்டு என்னிடம் வராதீர்கள். அதே போல சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டலை, அதே கம்பெனியின் பழைய கையடக்க கேம் கருவியான பிஎஸ்பி மாதிரி நினைத்து வாங்குகிறார்கள். அதில் கேமை இன்ஸ்டால் செய்து விளையாட முடியாது. பிஎஸ்5 கன்சோலில் ஓடும் கேமை வைஃபை வழியாகக் காட்டத்தான் அது முக்கியமாக இருக்கிறது, நல்ல வைஃபை இல்லாமல் அதற்கு வேலை இல்லை. ஸ்விட்ச் 2 வாங்குபவர்கள் பழைய மைக்ரோ எஸ்டி கார்டில் கேம் ஏற்றலாம் என்று எண்ண வேண்டாம், எக்ஸ்பிரஸ் வகை கார்டு மட்டும்தான் எடுக்கும்.

ஸ்விட்சின் முதல் மாடலில் சார்ஜ் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் நிற்கும் என்பது கம்பெனி கணக்கு. 2019இல் திருத்தி வந்ததில் நாலரை முதல் ஒன்பது. விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் இரண்டாவதையே எடுங்கள். பிள்ளையின் பரீட்சைக்காகப் பீரோவில் பூட்டிவைத்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் போடுங்கள். இல்லையென்றால் பேட்டரி சார்ஜே ஏறாமல் போய்விடலாம். கன்சோலின் முதுகு உப்பியிருந்தால் அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

ஏற்கெனவே தடை விழுந்ததை வாங்கிவிட்டவர்களுக்கு: பிள்ளையைத் திட்டாதீர்கள், அதற்கு ஒன்றும் தெரியாது. கடையில் விற்கும் ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் அதில் இன்னமும் ஓடும், டிவியிலும் வரும். ஆன்லைன் ஆட்டமும் இ-ஷாப்பும்தான் இல்லை. பெரும்பாலும் உங்கள் அக்கவுண்டுக்கு ஆபத்தில்லை, வேறு கன்சோலில் போட்டுக்கொள்ளலாம். விற்க முடிவு செய்தால், வாங்குபவரிடம் விஷயத்தைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள். சொல்லாமல் விற்றால் அவரும் ஃபார்மேட் அடிக்கச் சொல்லி என்னிடம்தான் வந்து நிற்பார்.