வெடேலியாவை வெட்டி அடக்க முடியாது

"மாசாமாசம் வெட்டிக்கிட்டுத்தான் இருக்கோம், அப்படியும் அடங்க மாட்டேங்குது." தோட்டப் பராமரிப்பு வேலையில் இந்தப் புகாரைக் கேட்டதுமே என்ன செடி என்று நான் ஊகித்துவிடுவேன். நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வெடேலியாதான். பளபளவென்று பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடக்கும், மேலே மஞ்சள் பூ. பார்க்க அழகுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மாதாமாதம் வெட்டுவதால்தான் அது பெருகுகிறது என்று சொன்னால் யாரும் சட்டென்று நம்புவதில்லை.

நானே ஒரு காலத்தில் நம்பவில்லை. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரிய பாத்தி முழுக்கப் படர்ந்திருந்ததை பிரஷ் கட்டரால், அதாவது சுழலும் கத்தி வைத்த புதர் வெட்டும் இயந்திரத்தால், ஒரே மூச்சில் தரைமட்டமாக அடித்து, கூட்டி அள்ளி, சுத்தமாகிவிட்டது என்று பெருமையாகக் கிளம்பினேன். அடுத்த தடவை போனபோது பாத்தியில் இருந்ததைவிடப் பக்கத்துப் புல்தரையில் அதிகமாக முளைத்திருந்தது. குனிந்து ஒன்றைப் பிடுங்கினேன். விரல் நீளத் துண்டு, இரண்டு முனையும் காய்ந்து கறுத்திருக்கிறது, ஆனால் நடுவில் இருந்த ஒற்றைக் கணுவிலிருந்து கீழே வெள்ளை வேர், மேலே இரண்டு குட்டி இலை. பிரஷ் கட்டர் சிதறடித்த ஒவ்வொரு துண்டும் ஒரு நாற்று! இந்தச் செடி விதையை நம்பி இருப்பதே இல்லை, பரவுவதெல்லாம் பெரும்பாலும் தண்டு வழியாகத்தான், அதனால் நாம் பூவைக் கிள்ளிப் போட்டு அதைத் தடுத்துவிட முடியாது.

சரி, உங்கள் தோட்டத்தில் இருப்பது வெடேலியாதானா? இலைகள் எதிரெதிராக இருக்கும், கொஞ்சம் தடிப்பாக, மேல்பக்கம் மினுமினுப்பாக. இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு மடல் துருத்திக்கொண்டு மும்முனையாகத் தெரியும். ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபாட்டா என்ற அறிவியல் பெயரில் பின்பாதிக்கு மூன்று மடல் என்றுதான் பொருள். எல்லா இலையிலும் மடல் தெளிவாக இருக்காது, அதனால் ஒரே இலையை வைத்து முடிவு செய்யாமல் நாலைந்தைப் பாருங்கள். பூ, குட்டிச் சூரியகாந்திபோல் நீண்ட காம்பில் ஒற்றையாக நிற்கும், இதழ் நுனியில் பல் பல்லாக வெட்டு இருக்கும். சந்தேகமா, தரையோடு ஓடும் தண்டு ஒன்றை மெல்லத் தூக்குங்கள், மண்ணைத் தொட்ட கணுவிலெல்லாம் வேர் பிடித்திருக்கும்.

இதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துப் பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதன் பூவும் மஞ்சள்தான், அதுவும் இதற்கு நெருங்கிய சொந்தம்தான், ஆனால் அதன் இலை ஒடுங்கி நீண்டு, சொரசொரப்பாக, மடல் இல்லாமல் இருக்கும். சரியாக அடையாளம் தெரியாமல் எதையும் மருந்தென்று வாயில் வைக்க வேண்டாம்.

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து தரைமூடிச் செடியாக உலகமெல்லாம் போனது இது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 100 மோசமான ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் இதுவும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதை விற்கவும் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது. பக்கத்து வீட்டுக்கு ஒரு கொத்து ஒடித்துக் கொடுக்கும் நம் தாராள மனசுதான் இதற்கு வாகனம்.

எடுக்கும் முறைக்கு வருவோம். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு மண்ணை இளக்குங்கள். ஓரத்திலிருந்து உள்ளே, மண் கிளறும் தோட்ட முள்கரண்டியால் மண்ணை நெம்பி, தண்டு அறுபடாமல் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டே போக வேண்டும், பாதியில் அறுந்தால் அங்கேயே உட்கார்ந்து துண்டைத் தேடுங்கள். வேர் ஆழமாகப் போவதில்லை, அது ஒரு ஆறுதல். எடுத்ததை உரக்குழியில் போடாதீர்கள், சுவருக்கு வெளியிலோ வாய்க்காலிலோ வீசவே வீசாதீர்கள். கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, தண்டெல்லாம் அழுகிக் கூழாகும்வரை வெயிலில் போட்டுவையுங்கள்.

இடம் பெரிது, கையால் முடியாது என்றால் கனமான கறுப்பு ஷீட்டால் மூடி ஓரத்தை மண்ணில் புதைத்துவிடலாம், மாதக்கணக்கில் ஆகும். களைக்கொல்லியை நான் கடைசியில்தான் யோசிப்பேன், மினுமினுப்பான இலையில் மருந்து சரியாக ஒட்டாது, ஒரு தடவை அடித்து முடிகிற கதையும் இல்லை, பக்கத்துச் செடிகள்தான் முதலில் வாடும்.

அப்புறம், எடுத்த அன்றே வேறு செடி வைக்க ஆசைப்படாதீர்கள், புதுச் செடியின் அடியில் இது ஒளிந்துகொள்ளும். இடத்தை வெறுமையாக விட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள், துளிர் கண்டால் கணுவோடு தோண்டி எடுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் ஒரு துளிர்கூடக் கண்ணில் படாவிட்டால்தான் நான் அந்த இடத்தில் அடுத்த நாற்றை ஊன்றச் சொல்வேன்.