மிஷின் மேல் பழி போடாதீர்கள், ஊசியைப் பாருங்கள்

மாசி பிறந்தால் என் கடை வாசலில் பையும் கையுமாக அம்மாக்கள் நிற்பார்கள். கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் எங்கும் சிவராத்திரி நாட்டியாஞ்சலி. பள்ளி ஆண்டு விழாக்களும் அதையொட்டியே வரும். பைக்குள் வீட்டில் பாதி தைத்து, அலுத்துப்போய்க் கட்டி வைத்த உடுப்பு இருக்கும். "அக்கா, மிஷின் ரிப்பேரு போல, துணியச் சுருக்கி இழுக்குது" என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறேன். இப்படி வந்ததில் மிஷின் மேல் குற்றம் இருந்தது அபூர்வம்.

முதலில் ஊசியைக் கழற்றிப் பார்ப்பேன். வாங்கிய நாளிலிருந்து மாற்றாத 16ஆம் நம்பர் ஊசியாக இருக்கும். கோகுலாஷ்டமிக்குக் கிருஷ்ணர் வேஷம் என்று மஞ்சள் சாட்டினை அதில் தைத்தால் இழை இழுபடத்தான் செய்யும். சாட்டின், ஷிஃபான், மெல்லிய பட்டுக்கு 11. சாதாரணப் பருத்திக்கு 14. கேன்வாஸ் வைத்த இடுப்புப் பட்டை, ஜரிகை அடர்ந்த பார்டருக்குத்தான் 16. இழுத்தால் நீளும் பனியன் வகைத் துணிக்கு முனை உருண்ட 'பால் பாயிண்ட்' ஊசி வேண்டும். கூர் ஊசி போட்டால் தையல் விட்டுவிட்டு விழும். மெக்கானிக்குக் காசு கொடுத்தும் தீராது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு மிஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தையல் கம்பெனிகளில் ஓடும் பவர் மிஷின் ஊசி முழு உருண்டை. மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டு அதைத் திணித்துப் பார்ப்பவர்கள் உண்டு. தட்டைப் பக்கம், நூல் கோக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். திரும்பிவிட்டால் தையலே பிடிக்காது. எட்டு மணி நேரம் தைத்தால் ஊசியின் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து ஐப்பசி அடைமழை ஈரத்துக்கு, மிஷினில் மாட்டியபடியே விட்ட ஊசி துருப்பிடிக்கும். ஔவையார் வேஷத்து வெள்ளைச் சேலையில் பழுப்புப் புள்ளி விழுந்த பிறகு என்னிடம் வந்து என்ன பயன்? எதைத் தைத்தாலும் அதே துணியின் வெட்டுத்துண்டில் நாலு விரற்கடை ஓட்டிப் பாருங்கள்.

கத்தரிக்கோல் இரண்டு வேண்டும், அவ்வளவுதான். கிரீடத்துக்கு அட்டை வெட்டிய கத்தரி பட்டுத் துணியைக் கடிக்கும், வெட்டாது. துணிக் கத்தரியின் பிடியில் நான் சிவப்பு நாடா கட்டி வைத்திருக்கிறேன். என் வீட்டில் அதைத் தொட யாருக்கும் தைரியம் கிடையாது. தையல் பிரிக்க பிளேடு எடுக்காதீர்கள். அதற்கென்றே கவட்டை முனையோடு ஒரு சின்னக் கருவி விற்கிறது. விலையும் அதிகமில்லை.

பரத உடுப்பில் எல்லோர் கண்ணும் போவது முன்பக்க விசிறி மடிப்புக்குத்தான். முழங்கால் மடக்கி அரைமண்டியில் நின்றால் விரிய வேண்டும், எழுந்தால் தானாக மடிய வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி ஏதும் இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகையை ஒரு இஞ்ச் பட்டையாக வெட்டுங்கள். ஒவ்வொரு மடிப்பையும் அதை வைத்தே மடித்தால் கண் ஏமாற்றாது. மடிப்பை நீள ஓட்டுத்தையலால் பிடித்து, அயர்ன் செய்து, சூடு முழுக்க ஆறும்வரை அசைக்காதீர்கள். பொறுமையில்லாமல் தூக்கினால் மடிப்பு நெகிழ்ந்துவிடும். திருபுவனத்துப் பட்டுச் சேலையை விசிறி மடிப்பாக மடித்துத் தருவார்களே, அதைக் கையில் வைத்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

ஆனால் அயர்ன் பாக்ஸை எடுப்பதற்கு முன், துணியிலிருந்து ஓர் இழையை உருவி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பட்டு, மயிர் பொசுங்கிய நாற்றம் அடிக்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும். 'பட்டு' என்று வாங்கியது பாதி நேரம் இந்த மூன்றாவதுதான். மலிவு ஜரிகையும் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், மேலே உலோகப் பூச்சு. நேரடிச் சூடு பட்டால் சுருண்டுபோகும். மேலே பழைய வேட்டித் துண்டைப் போட்டுத்தான் தேய்க்க வேண்டும். உருகும் துணியில் பாவாடை தைத்தால் பிள்ளையைக் குத்துவிளக்குப் பக்கம் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, என் தவறு ஒன்று. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம். எட்டு வயதுப் பெண்ணுக்கு ராத்திரியோடு ராத்திரியாக உடுப்பு முடித்துக் கொடுத்தேன். இடுப்புப் பட்டைக்குள் ஒரு குண்டூசி தங்கிவிட்டது. அந்தப் பிள்ளை அலாரிப்பு முழுக்க ஆடி முடித்து உள்ளே போய்த்தான் அழுதிருக்கிறாள். அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. உடுப்பை மட்டும் காட்டினாள், உள்பக்கம் சின்னதாக ரத்தக்கறை.

மறுநாள் தலையில்லாத மாதிரிச் சிறுத்த குண்டூசிகளை எல்லாம் தூக்கிப் போட்டேன். கண்ணாடி மணித் தலை வைத்ததுதான் இப்போது வாங்குகிறேன். தூரத்திலிருந்தே தெரியும், அயர்ன் பட்டாலும் உருகாது. பிளாஸ்டிக் தலை உருகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று மேஜையில் இருக்கிறது. முப்பது ஊசி எடுத்தால் சாக்பீஸால் மேஜையில் 30 என்று எழுதுவேன். காந்தத்தில் முப்பதும் திரும்ப ஒட்டினால்தான் உடுப்பு பைக்குள் போகும். போன வாரம் 29தான் இருந்தது. வாசலில் ஆட்டோ காத்திருந்தது. விசிறியைத் திரும்பப் பிரித்துத்தான் தேடினேன்.