அமில வடிகாலா, அமில வடிநீரா?

மேகாலயாவின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ‘அமிலச் சுரங்க வடிகால்’ என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘ஆசிட் மைன் டிரெய்னேஜ்’ என்பதை வரிசைகூட மாற்றாமல் அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். படிப்பவருக்கு என்ன புரியும்? அமிலம் வெட்டி எடுக்கும் சுரங்கம், அதற்கு யாரோ கட்டிக்கொடுத்த சாக்கடை.

பொருள் இதுதான். நிலக்கரியோடும் செம்புத் தாதுவோடும் பைரைட் என்ற இரும்பு, கந்தகச் சேர்மம் கலந்திருக்கும். தோண்டி வெளியே போட்டுக் காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலம் உண்டாகிறது. அது பாறையிலுள்ள இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்குகிறது. நல்ல நீரோடு கலந்ததும் இரும்பு துருநிறச் சேறாகப் பிரிந்து, ஆற்றடிக் கூழாங்கற்களின் மேல் அப்பிக்கொள்கிறது. கல்லிடுக்குகளில் வளரும் பூச்சிகள் முதலில் ஒழியும், பிறகு அவற்றைத் தின்னும் மீன்கள். ஸ்பெயினின் ரியோ டின்டோ ஆறு செக்கச்செவேலென்று ஓடுவது இப்படி அமிலத்தில் கரைந்த இரும்பால்தான். அங்கே ஆதிகாலத்திலிருந்தே தாது வெட்டுகிறார்கள்.

வடிகால் என்பது வடி, கால் என்ற இரண்டும் சேர்ந்த சொல். வாய்க்காலில் உள்ள அதே கால்தான், நீர் ஓடும் வழி. வழி வேறு, அதில் வரும் நீர் வேறு. வடித்த கஞ்சியை வடிகஞ்சி என்கிறோம், வடிதட்டு என்றா சொல்கிறோம்? மீனைக் கொல்வது நீர்தான். அதனால் ‘சுரங்க அமில வடிநீர்’ என்பதே சரி.

‘சுரங்கக் கழிவுநீர்’ போதாதா என்பவர்கள் உண்டு. போதாது. கழிவுநீர் என்றால் யாரோ ஒருவர் திறந்துவிடுகிறார், அவரைத் தடுத்தால் நின்றுவிடும் என்றாகிறது. இது அப்படி நிற்பதில்லை. மேகாலயாவில் ஆள் தவழ்ந்து போகுமளவுக்கே குறுகலாகத் தோண்டும் எலிவளைச் சுரங்கங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடை விதித்தது. ஆனால் கைவிட்ட குழியிலும் குவித்துப்போட்ட கரியிலும் மழை பெய்தால் அமிலம் பிறந்துகொண்டேதான் இருக்கும், வேலைக்கு ஆள் வேண்டாம். மேகாலயாவின் ஜைந்தியா மலைப்பக்கமிருந்து வரும் அமிலநீர் அசாமின் கோபிலி நீர்மின் நிலைய எந்திரங்களையே அரித்திருக்கிறது. ‘கசிவு’ என்ற சொல்லும் எனக்கு உடன்பாடில்லை. எங்கோ ஓட்டை விழுந்துவிட்டது, அடைத்தால் தீர்ந்தது என்ற எண்ணத்தை அது தருகிறது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அது ஆற்றங்கரையில் இருப்பவருக்குப் புரியுமா என்று பார்ப்பதே இல்லை. ‘ஆற்றில் அமில வடிகால் கலந்தது’ என்று எழுதுகிறார்களே, வடிகால் எப்படி ஐயா கலக்கும்? வடிநீர் கலக்கும்.