தூர்வு: அணைக்குள் மண் சேர்வதற்கு நம்மிடம் இருக்கும் சொல்

'ரிசர்வாயர் செடிமென்டேஷன்' என்பதை 'நீர்த்தேக்க வண்டல் படிவு' என்று எழுதுகிறோம். தவறில்லை. ஆனால் கொங்கு நாட்டில் கிணறு வைத்திருக்கும் எவரிடமும் இதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: தூர்தல்.

செடிமென்ட் லத்தீன் வழி வந்தது. அங்கே 'செடேரே' என்றால் உட்காருதல். கலங்கி வந்தது அடியில் போய் உட்கார்ந்தால் அது செடிமென்ட். நமக்கு அது 'படிதல்'. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை நாலு நாள் அசைக்காமல் வைத்தால் அடியில் மண்டி படிகிறதே, அதேதான். வண்டல் என்பது படிந்த பொருளின் பெயர். பழைய சொல், சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் செய்து விளையாடும் பாவை வண்டற்பாவை.

'கிணறு தூர்ந்து போச்சு' என்று சொல்லும்போது மண்ணைப் பற்றி மட்டுமா சொல்கிறோம்? தண்ணீர் நிற்க வேண்டிய இடம் போய்விட்டது என்கிறோம். படிதலும் வண்டலும் அந்த இழப்பைச் சொல்வதில்லை. சோர் சோர்வாவதுபோல, தேர் தேர்வாவதுபோல, தூர் என்பதிலிருந்து தூர்வு என்ற பெயர்ச்சொல்லையும் எடுத்துக்கொள்ளலாம்.

பவானிசாகரைப் பாருங்கள். 1955-ல் கட்டி முடித்த அணை. பவானியும் மாயாறும் நீலகிரிச் சரிவுகளின் மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து இதில்தான் சேர்கின்றன. ஓட்டம் நின்றதும் பருமணல் ஆறு நுழையும் இடத்திலேயே இறங்கிவிடும். நுண்களி உள்ளே வெகுதூரம் போய்ப் படியும். உள்ளூர்ச் செய்திகளில் அணையின் உயரம் 'சகதி 15 அடி நீங்கலாக 105 அடி' என்று வரும். செய்தியில் அந்த 15 மாறாமல் நிற்கிறது, மண் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் வந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

அணை நிறைந்து பிறகு மெல்ல வடியும் மாதங்களில், வெவ்வேறு நீர்மட்டங்களில் எடுத்த செயற்கைக்கோள் படங்களைச் சேர்ப்பார்கள். ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் இலவசம். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிரை நீர் விழுங்கிவிடுவதால் அந்தக் கதிரில் எடுத்த படத்தில் அணைநீர் கருப்பாகவும் கரை வெளிச்சமாகவும் தெரியும். கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளில் அந்தக் கருப்பைத் தனியாகப் பிரித்தால் நீர்ப்பரப்பு கிடைக்கும். அன்றைய மட்டம் அணைப் பதிவேட்டில் இருக்கும். இரண்டு மட்டங்களின் பரப்பும் அவற்றுக்கு இடையிலான உயரமும் தெரிந்தால் அந்த இடைவெளியின் கொள்ளளவு வந்துவிடும். அப்புறம் பழைய கணக்கோடு ஒப்பிட வேண்டியதுதான். கட்டியபோது ஒரு மட்டத்தில் 10 சதுர கிலோமீட்டர் விரிந்த நீர், இன்று அதே மட்டத்தில் 9 என்றால், மீதி இடத்தை மண் பிடித்துக்கொண்டது.

இதில் செயற்கைக்கோள் வண்டலைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் இழந்த இடத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே இந்த வேலைக்குத் 'தூர்வு அளவீடு' என்ற பெயரே சரி என்று நினைக்கிறேன். கோடையிலும் நீர் வடியாத அடிப்பகுதி மட்டும் இந்தக் கணக்கில் சிக்காது. அங்கே ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எதிரொலிமானியோடு படகில்தான் போக வேண்டும்.