இருக்கைக்கு அடியில்தானே இருக்கிறது, சார்!

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் படகுத்துறையில் என்னோடு சண்டை போட்டார். அவருடைய நான்கு வயது மகளுக்கு லைஃப் ஜாக்கெட்டை நான்தான் மாட்டிவிட்டேன். படகு ஐம்பது அடி தாண்டுவதற்குள், போட்டோவில் புதுப் பட்டுப்பாவாடை மறைகிறது என்று அவரே கழற்றிவிட்டார். நான் படகைத் திருப்பிவிட்டேன். "இருக்கைக்கு அடியில்தானே இருக்கிறது, சார்! வேண்டுமென்றால் போட்டுக்கொள்ள மாட்டோமா?" என்றார். இந்த மாதத்தில் இதைக் கேட்பது மூன்றாவது முறை.

போட்டுக்கொள்ள முடியாது. என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்களைக் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி, ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டு, மாட்டச் சொல்வேன். எல்லோருக்கும் நன்றாக நீச்சல் தெரியும். ஒரு கையை நுழைத்தால் ஜாக்கெட் மறுபக்கம் மேலே எழும்பும். கொக்கியைத் தேடும்போது வாய்க்குள் தண்ணீர் போகும். கால் தரையில் பாவும்போதே இந்தப் பாடு. படகு கவிழ்ந்தால் இருக்கைக்கு அடியில் இருந்தவை படகுக்கு அடியில் போய்விடும். அப்போது நீச்சல் தெரிந்தவரின் கழுத்தைத்தான் நான்கு பேர் பிடிப்பார்கள்.

மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுங்கள். காதுவரை வந்தால் தளர்வாக இருக்கிறது என்று பொருள். பெரியவர்களுக்கானதைக் குழந்தைக்கு மாட்டாதீர்கள், பிள்ளை நழுவிவிடும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் ஒரு காரணம் என்றார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேர். 2024 ஜனவரியில் வதோதராவின் ஏரியில் 14 பேர். அவர்களில் 12 பேர் பள்ளிப் பிள்ளைகள். மூன்று இடத்திலும் புயலா அடித்தது? தயவுசெய்து உட்கார்ந்தே இருங்கள். மான் தெரிந்தாலும் சரி, யானை தெரிந்தாலும் சரி. தப்பித்தவறிக் கவிழ்ந்துவிட்டால், கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தக் கிளம்பாதீர்கள். படகு மிதக்கும்வரை அதையே பற்றிக்கொள்ளுங்கள்.

இனி ஓட்டுகிற தம்பிகளுக்கு. டிக்கெட்டை எண்ணாதே, தலையை எண்ணு. மடியில் இருக்கும் குழந்தையும் ஒரு தலைதான். வேகப்படகில் என்ஜினை நிறுத்தும் கயிறு உன் மணிக்கட்டில் இருக்க வேண்டும், ஆணியில் தொங்கக் கூடாது. தண்ணீரில் விழுந்தவரை நெருங்கும்போது என்ஜினை அணைத்துவிடு. தண்ணீருக்குள் சுழலும் என்ஜின் விசிறிக்கு ஆள் தெரியாது. குடித்துவிட்டு வருகிறவரை ஏற்றாதே, அவர் முதலாளியின் மச்சானாகவே இருந்தாலும்.